ஒரு ஷெல் கோதை மினுக்கக் குடுத்த கதை

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் குத்துவிளக்கு மினுக்க இடம் தேடுகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். கன்னாதிட்டிப் பக்கம், நகைக்கடைகளைத் தாண்டி உள்ளே போகிற ஒழுங்கைக்குள் இருக்கும் பித்தளைப் பட்டறை நல்ல பட்டறைதான். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய அண்டா கவிழ்ந்து கிடக்கும், அதுதான் அடையாளம். விளக்கு, செம்பு, மூக்குப்பேணி, தாம்பாளம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம். செதுக்கல் வேலை உள்ள சாமான் என்றால் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு குடுங்கள். அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்குத் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டு. காசுதான், காட் இல்லை, பில்லும் இல்லை. இரண்டடிக் குத்துவிளக்கு 1,800 ரூபா, மூக்குப்பேணி 400, ஈயம் பூசுவதென்றால் பாத்திரத்தைப் பார்த்துத்தான் விலை. இருக்க ஒரு முக்காலி உண்டு, அதிலும் யாரோ ஒருவருடைய தாம்பாளம் இருக்கும். ஸ்கூட்டியை எதிர்வீட்டுக் கேற்றடியில் விட்டால் ஏச்சு நிச்சயம்.

நான் கொண்டுபோனது இரண்டு சாமான். ஒன்று அம்மம்மாவின் குத்துவிளக்கு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பொன் மாதிரி வந்தது. மற்றது ஷெல் கோது, பீரங்கிக் குண்டின் வெற்றுப் பித்தளைக் கூடு.

தம்பி பிரான்சில், லா கூர்நவ்வில் இருக்கிறான். வருசத்துக்கு ஒருமுறை காகோவில் ஒரு பெட்டி வரும். கடைசியாக வந்த பெட்டிக்குள் சொக்கிலேற், சம்போ, அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற கிறீம், இரண்டு குளிர்ச்சட்டை (கொக்குவிலில் யார் போட?), இதுகளுக்கு நடுவில் குளிக்கிற துவாயால் சுற்றிய ஒன்று. துவாயை அவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இந்த ஊரில் என் வயதுக்காரருக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

அம்மாவுக்கு 87 வயது, கண் மங்கல். கையால் தடவிப் பார்த்தா. "இதென்ன, பூச்சாடியே?" என்றா. பிறகு அடி விளிம்பைத் தடவினா. கையை எடுத்துவிட்டா.

"கிணத்தடியில கொண்டுபோய் வை பிள்ளை. வீட்டுக்குள்ள வேண்டாம்."

தம்பியை எடுத்துக் கேட்டேன். "நீ அண்டைக்கு அந்தச் சீனன்ர சவக்காலையில நிண்டு அழுதாயெல்லோ அக்கா, அந்த நினைவுக்குத்தான். அமியான் பக்கத்தில ஒரு பழஞ்சாமான் சந்தையில கண்டனான், 45 யூரோ. சீனாக் கூலிகள் செய்ததெண்டு விக்கிறவன் சொன்னவன்" என்றான். நான் அழவில்லை. அன்றைக்குக் கடற்காற்று.

ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். பிரித்தானியரின் 18 பவுண்டர் பீரங்கிக் கோது. அடித்தட்டில் 1917 என்று அடித்திருக்கிறது, பக்கத்தில் அரசாங்கச் சொத்துக்கு அவர்கள் போடுகிற அம்புக்குறி. உடம்பைச் சுற்றி ஒரு டிராகன், வால் அடியில் தொடங்கித் தலை வாய்க்குக் கிட்ட முடிகிறது. தலைக்கு மேல் இரண்டு எழுத்து. ஒன்று, வேலிக்கு மூன்று கதியால் நட்ட மாதிரி. மற்றது, ஒரு மரத்துக்குப் பின்னால் சூரியன் மாட்டுப்பட்ட மாதிரி. போனைப் பிடித்துப் பார்த்தேன்: மலை, கிழக்கு. ஷான்டோங். மலைக்குக் கிழக்கே உள்ள மாகாணம். அதைக் கண்ட பிறகுதான் சந்தைக்காரன் சொன்னதை நான் நம்பத் தொடங்கினேன். டிராகனை எவனும் விலை கூட்டுவதற்காக வெட்டலாம், தன்னுடைய ஊர்ப் பெயரை வெட்டுகிறவன் வேறு.

பத்து நாள் கிணற்றடியில் கிடந்தது. ஒருநாள் அம்மாவே, "பூ வைக்கலாமெண்டால் மினுக்கிக்கொண்டு வா" என்றா.

துணிக்கடைப் பை ஒன்றுக்குள் போட்டு, காலுக்கிடையில் வைத்து, ஸ்கூட்டியில் கொண்டுபோனேன். சந்தியில் பொலிஸ் நின்றது. இந்தக் காலத்தில் அதற்கென்ன பயம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொம்பாஸ் பெட்டிக்குள் ஒரு வெற்றுச் சன்னக் கோது வைத்திருந்ததற்காக எத்தனை பிள்ளைகளின் தாய்மாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுக் கதைத்தவள் நான். உள்ளங்கை வேர்த்தது. பொலிஸ் என்னைப் பார்க்கவேயில்லை.

பட்டறை அண்ணைக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியின் ஒரு காதுக்குக் கால் இல்லை, நூல் கட்டியிருக்கிறார். மகன் உள்ளே மெஷினில். விளக்கை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, கோதைக் கையில் எடுத்தார். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு நகத்தால் சுண்டி, காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்.

"நல்ல பித்தளை ரீச்சர். செம்பு கூட. வன்னியில எடுத்ததோ?"

"பிரான்ஸ் அண்ணை."

"பிரான்சிலயும் ஷெல்லடியோ?"

"நூறு வருசத்துக்கு முன்னம், முதலாம் உலக யுத்தத்தில."

பீரங்கிக் கோதுப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது நாகம் என்று பிறகு வாசித்து அறிந்தேன். அவர் சுண்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்.

டிராகனைக் காட்டி "யாளி" என்றார். இல்லை, சீனத்து டிராகன் என்றேன். "ரெண்டும் ஒண்டுதான், இதுக்கு வால் நீளம்" என்றார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் செதில்களைக் காட்டினார். ஒரே உளி, அரைவட்ட முனை, ஒரு செதிலுக்கு ஒரு அடி. வயிற்றடியில் செதில் சின்னதாகும் இடத்தில் உளியைச் சரித்துப் பிடித்துப் பாதி முனையால் அடித்திருக்கிறான். கோதுக்குள் கையை விட்டுத் தடவினார். "அரக்கோ தாரோ ஊத்தி இறுக வைச்சிட்டுத்தான் அடிச்சிருக்கிறான். இல்லாட்டி நெளிஞ்சிருக்கும். தொழில் தெரிஞ்ச கை. ஆர் செய்தது?"

"சீனாக் கூலிகள்."

"சீனாக்காரன் பிரான்சில என்ன செய்தவன்?"

இந்தக் கேள்வியை என்னிடம் 2018க்கு முன்னம் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது. முப்பத்தொரு வருசம் ஓ.எல். பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவள் நான். சரயேவோ, இளவரசர் கொலை, நேச நாடுகள், அச்சில் வார்த்த மாதிரி வரும். வேர்சாய் உடன்படிக்கையில் 231ஆம் உறுப்புரை, யுத்தப் பழி ஜெர்மனிக்கு: நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதே உடன்படிக்கையில் 156 தொடக்கம் 158 வரை என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது ஷான்டோங்.

2018இல் பெறாமகனின் கலியாணத்துக்குப் பாரிஸ் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்க என்று சொம் ஆற்றுக் கழிமுகப் பக்கம் தம்பி கூட்டிப்போனான். நுவயெல்-சூர்-மேர் என்ற ஊரில் வழி தவறி, நொலெத் என்ற குக்கிராமத்துக்குள் கார் நுழைந்தது. ஊர்வாசலில் இரண்டு கற்சிங்கம், கோயில் வாசலில் நிற்கிற மாதிரி, ஆனால் சீனத்துச் சிங்கம். பிரான்சின் பயிர்க்காணிக்குள் இதென்ன என்று இறங்கிக் கேட்டுப் போனால், வயலுக்கு நடுவில் சீன வளைவு வைத்த வாசல், உள்ளே வெள்ளைக் கல் வரிசை. 840க்கு மேல்.

ஒவ்வொரு கல்லிலும் சீன எழுத்தில் பெயர், ஒரு இலக்கம், இறந்த தேதி, அதோடு ஒரு வாசகம். நடந்து வாசித்துக்கொண்டு போகப் போகத்தான் தெரிந்தது, வாசகம் மொத்தமே நாலுதான். சாகும்வரை விசுவாசம். நற்பெயர் என்றும் நிலைக்கும். இறந்தும் வாழ்கிறான். உயரிய கடமையைத் தீரத்தோடு செய்தான். தவணை முடிவில் நாற்பது தேர்ச்சி அறிக்கையில் "நன்று", "முயற்சி தேவை" என்று மாறி மாறி எழுதியவளுக்கு, அதை எழுதினவரின் கைக்களைப்பு விளங்கியது. இன்னொன்றையும் கவனித்தேன். யுத்தம் முடிந்தது 1918 நவம்பர் 11. கல்லில் 1919 என்று எத்தனை. தம்பிதான் காற்று, காற்று என்று காருக்குக் கூட்டிப்போனான்.

வந்தபிறகு கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். ஆகவே பட்டறை முக்காலியில் இருந்து (தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு) அண்ணைக்குப் பாடம் எடுக்க முடிந்தது. அவர் கேட்ட ஒழுங்கிலேயே எழுதுகிறேன். என் பிள்ளைகள் ஒருவரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

முதல் கேள்வி, சம்பளம். பிரித்தானியர் எடுத்த ஆட்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பிராங்க். வீட்டுக்கு மாதம் 10 வெள்ளி டொலர், சீனாவிலேயே குடும்பத்தின் கையில். பிரான்ஸ் தான் எடுத்த ஆட்களுக்கு ஐந்து பிராங்க் என்று எழுதினது, அதில் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் கழிவு.

"எத்தினை வருச கொன்றாக்ட்?"

"பிரித்தானியாவோட மூண்டு வருசம்."

"நாளைக்கு எத்தினை மணித்தியாலம்?"

"பத்து. கிழமையில ஏழு நாளும்."

"ஏஜென்சி?"

சிரித்துவிட்டேன். ஆனால் சரியான கேள்வி. பிரான்சுக்கு ஆள் எடுத்தது உண்மையிலேயே ஒரு கொம்பனி மூலம்தான். சீனா அப்போது நடுநிலை நாடு. அரசாங்கம் நேரே ஆள் அனுப்பினால் ஜெர்மனி கேள்வி கேட்கும். அதனால் தனியார் கொம்பனி ஒன்று ஒப்பந்தம் போடுகிற மாதிரி 1916இல் செய்தார்கள். யோசனை லியாங் ஷியி என்ற பெரிய அதிகாரியுடையது. சிப்பாய்க்குப் பதிலாகத் தொழிலாளியைக் குடுப்போம், யுத்தம் முடிந்து சமாதானம் பேசும்போது எங்களுக்கும் ஒரு கதிரை கிடைக்கும், ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்து 1914இல் ஜப்பான்காரன் கைப்பற்றிய ஷான்டோங் பகுதியைத் திருப்பிக் கேட்கலாம் என்பது கணக்கு. பிரித்தானியாவுக்கு முதலில் பெரிய விருப்பமில்லை. 1916இல் சொம் சண்டையில் ஆள் செத்த வேகத்தைப் பார்த்த பிறகு விருப்பம் வந்தது. ஷான்டோங் கரையில் தாங்கள் குத்தகைக்கு வைத்திருந்த வெய்ஹைவெய் துறைமுகத்தில் இருந்து 1917 ஜனவரி 18 முதல் கப்பலை அனுப்பினார்கள். அவர்கள் எடுத்தது 95,000 பேர் அளவில், பிரான்ஸ் எடுத்தது 40,000க்குக் கிட்ட. பெரும்பாலும் ஷான்டோங் கமக்காரப் பெடியங்கள்.

"கப்பலிலயோ முழுத்தூரமும்?"

கப்பல் வழியில் பிரச்சினை வந்தது. பிரான்சுக்குப் போன 'அத்தோஸ்' என்ற கப்பலை 1917 பெப்ரவரி 17 மத்தியதரைக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது. 543 சீனத் தொழிலாளர் அதில் போய்விட்டார்கள், பிரான்சின் மண்ணை மிதிக்க முன்னமே. பிரித்தானியர் தங்கள் ஆட்களில் 80,000க்கு மேற்பட்டவர்களைப் பசிபிக் கடலால் வான்கூவருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கனடாவின் குறுக்கே ரயிலில் அத்லாந்திக் கரைக்கு ஏற்றினார்கள். காவலோடு, கதவு பூட்டின ரயில். பத்திரிகையில் எழுதத் தடை. அந்தக் காலத்தில் கனடாவுக்குள் வருகிற சீனனுக்குத் தலைவரி 500 டொலர். இவர்கள் இறங்கி ஓடிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் காவல்.

அண்ணை உளியைக் கீழே வைத்தார். அவருடைய மகள் ஸ்காபரோவில்.

"கனடாவுக்குப் போயும் இறங்க விடேல்லையோ?"

"இல்லை."

மெஷின் சத்தம் நின்றிருந்தது. மகனும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

பிறகு காப்புக் கதை சொன்னேன். வெய்ஹைவெய்யில் மருத்துவ சோதனை முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். அந்த இலக்கம் அடித்த உலோகப் பட்டியைக் கையில் சுற்றி ஆணி அடித்து இறுக்குவார்கள், கழற்ற ஏலாது. விரல் அடையாளமும் எடுப்பார்கள். வேலைத்தலத்தில் மேலாளுக்கு அந்த இலக்கம்தான் பெயர்.

"அது காப்போ ரீச்சர், விலங்கோ?"

என்னிடம் பதிலில்லை. அண்ணையிடம் இருந்தது. "ஆணி அடிச்சால் விலங்கு. கொக்கி வைச்சால் காப்பு." தொழில்காரனின் வரைவிலக்கணம்.

என்ன வேலை என்று மகன் கேட்டான். சண்டை பிடிக்க விடமாட்டோம், போர்முனைக்கு அனுப்பமாட்டோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பதுங்குகுழி வெட்டினார்கள், துறைமுகத்தில் கப்பல் இறக்கினார்கள், தண்டவாளம் போட்டார்கள், மரம் அரிந்தார்கள். பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நின்றார்கள். இரும்பு வேலை தெரிந்தவர்களைப் பிரித்தானியர் டாங்கிப் பட்டறைகளில் போட்டார்கள். ஷெல்லும் விமானக் குண்டும் ஒப்பந்தத்தை வாசிப்பதில்லை. கூடாரங்களுக்குள்ளேயே செத்தார்கள். "சொன்ன வேலை வேற, குடுத்த வேலை வேற" என்றான் மகன். இரண்டு வருசம் கட்டாரில் நின்றவனாம், பிறகு அறிந்தேன்.

யுத்தம் முடிந்தது. சிப்பாய்மார் வீட்டுக்குப் போனார்கள். இவர்களின் ஒப்பந்தம் முடியவில்லை. கம்பிவேலி சுருட்டவும், குழி மூடவும், சிதறிக் கிடந்த வெடிக்காத ஷெல் பொறுக்கவும், அழுகிய உடல்களை எடுத்துப் புதைக்கவும் 1920 வரை நிறுத்தி வைத்தார்கள். நான் பார்த்த 1919 தேதிகளில் ஒரு பகுதி அதுதான், இன்னொரு பகுதி அந்த வருசங்களின் கொள்ளைக் காய்ச்சல். செத்தவர் தொகை பிரித்தானியக் கணக்கில் 2,000 அளவில். 20,000 என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளை முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறாள். 2009இல் யுத்தம் முடிந்து எத்தனை வருசமாகக் குந்தியிருந்து, முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டுக்கொண்டு, அந்தச் சிவந்த மண்ணை விரற்கடை விரற்கடையாக வழித்துக்கொண்டிருக்கிறாள். ஏ9 வீதியில் பஸ் போகும்போது குச்சிகள் நட்டிருக்கும், நாங்கள் ஜன்னலால் பார்த்துவிட்டுப் பரந்தனில் தேத்தண்ணி குடிக்க இறங்குவோம். சம்பளம் வருகிறதா என்று ஒருநாள் கேட்டேன். "வருது ரீச்சர், கையிருக்கும் வரைக்கும்" என்று சிரித்தாள்.

எழுத்தைப் பற்றியும் கேட்டார். இவன் படித்தவனா? தெரியாது. வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த ஜேம்ஸ் யென் என்ற சீனப் பெடியன் 1918இல் பிரான்சுக்கு வந்து அவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் குடுத்தான். வரிசை நீண்டு நீண்டு போகவே, எழுதிக் குடுப்பதை விட்டு எழுதப் படிப்பிக்கத் தொடங்கினான். 1919இல் அவர்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினான். இந்த மரமும் சூரியனும் அப்படிப் படித்த எழுத்தாகவும் இருக்கலாம், யாரோ கரியால் எழுதிக் குடுத்ததைப் பார்த்து அடித்ததாகவும் இருக்கலாம். அண்ணையின் கட்சி இரண்டாவது. "டிராகனில கை ஓடியிருக்கு. எழுத்தில கை நிண்டு நிண்டு போயிருக்கு, பாருங்கோ." பார்த்தேன். உண்மைதான், எழுத்தின் கோடு புள்ளி புள்ளியாக இருந்தது.

கிளம்ப முன்னம் பதக்கக் கதையும் சொன்னேன். பிரித்தானிய யுத்தப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில், சீனத் தொழிலாளிக்கு வெண்கலத்தில். அண்ணைக்கு இதில்தான் கோபம் வந்தது, நான் எதிர்பார்த்த காரணத்துக்காக இல்லை.

"வெண்கலம் என்ன குறைஞ்சதோ ரீச்சர்? வெள்ளியில ஒருக்கா கோயில் மணி வாத்துப் பாக்கச் சொல்லுங்கோ!"

விலை 2,500 என்று பேசினோம். அடித்தட்டின் நடுவில், வெடிக்க வைக்கிற பாகம் கழற்றிய துளை ஒன்று இருந்தது. அதை ஈயம் வைத்து அடைக்க 300. டிராகனும் எழுத்தும் கையால்தான், புளியும் சாம்பலும் போட்டு, மெஷின் வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். "ஓம் ரீச்சர், திங்கள் வாங்கோ."

திங்கள் போனேன், வியாழன் வரச் சொன்னார்கள். வியாழன் போனேன், சனி. இது பட்டறைக் கணக்கு, நான் குறை சொல்லவில்லை. தையல்காரரும் பத்தரும் இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே.

சனிக்கிழமை துணியை எடுத்தபோது கண் கூசியது. பித்தளை இப்படியும் மினுங்குமா. டிராகனின் ஒவ்வொரு செதிலிலும் ஒவ்வொரு வெளிச்சம். செதில் இடுக்குகளில் கறுப்பை விட்டு, மேட்டை மட்டும் மினுக்கியிருந்தார். அப்படிச் செய்தால்தான் உருவம் எழும்பும். அதற்கு நிதானமும் கண்ணும் வேணும். இந்த வேலைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதென்றால் பத்துக்குப் பத்து.

பிறகு வாய்ப்பக்கம் திருப்பினேன். மரமும் சூரியனும் இருந்தது. மூன்று கதியாலில் நடுக்கதியால் இருந்தது. இரண்டு பக்கக் கதியாலும் அவற்றைச் சேர்த்த அடிக்கோடும் இல்லை. வெளிச்சத்துக்குச் சரித்தால் நிழல் மாதிரி ஏதோ தெரியும், விரலுக்கு ஒன்றும் படாது.

அண்ணை ஒரு நாள் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போயிருக்கிறார். விளிம்பில் இருந்த களிம்பை எடுக்க மகன் மெஷினில் பிடித்திருக்கிறான். விளிம்பு மட்டும்தான், அரை நிமிசம். மெஷினுக்கு விளிம்பும் தெரியாது, மலையும் தெரியாது. பெடியன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை ஏச மனம் வரவில்லை, ஆனால் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

"படம் எடுத்து வைச்சிருக்கிறியள்தானே? அதைப் பாத்து அப்பிடியே வெட்டித் தாறன். காசு வேண்டாம்" என்றார் அண்ணை.

யோசித்தேன். அவர் வெட்டினால் அசலைவிட வடிவாக வரும். அதுதான் பிரச்சினை. வேண்டாம் அண்ணை, இருக்கட்டும் என்றேன்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ரீச்சர்மாருக்கு அது வராது. யுத்தம் நடக்கும்போதே பாரிசில் வரைந்த ஒரு மாபெரும் ஓவியத்தைப் பற்றிச் சொன்னேன். நேச நாட்டவர் எல்லாரையும் ஒரே திரையில் வைத்தார்கள், சீனத் தொழிலாளரும் இருந்தார்கள். 1917இல் அமெரிக்கா யுத்தத்துக்குள் வந்தது. அமெரிக்கரை வைக்க இடம் வேணும். சீனர் நின்ற இடத்தின் மேல் அமெரிக்கரை வரைந்தார்கள்.

அண்ணை நிமிர்ந்தார். "அது வேணுமெண்டு செய்தது ரீச்சர். இது பெடியன்ர பிழை. ரெண்டையும் ஒண்டாக் கதையாதேங்கோ."

நியாயம். மன்னிப்புக் கேட்டேன்.

ஷான்டோங்குக்கு என்ன நடந்தது என்று கேட்டது மகன். சமாதான மாநாட்டில் அந்தக் கதிரை கிடைத்தது, ஷான்டோங் கிடைக்கவில்லை. நான் திறந்து பார்க்காத அந்த மூன்று உறுப்புரைகள், ஜெர்மனி அங்கே வைத்திருந்த உரிமைகளை ஜப்பானுக்கு எழுதிக் குடுத்தவை. செய்தி போனதும் 1919 மே 4 பீஜிங்கில் மாணவர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். ஜூன் 28 வேர்சாயில் சீனா கையெழுத்துப் போடவில்லை. அந்த நாளில் ஷான்டோங் பெடியங்கள் வட பிரான்சில் ஷெல் பொறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

2,800இல் 500 குறைத்துக்கொண்டார், நான் கேட்காமலே. விளக்குக்கு வேறாக 1,800.

மதிப்பெண்: விளக்கு வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. ஈயம் வைக்கிற வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. சொன்ன நாளில் தருவதற்கு ஒன்று. செதுக்கல் சாமானுக்கு மூன்று, அதுவும் டிராகனுக்காக. போகிறவர்கள் செதுக்கல் உள்ள இடத்தை முதலே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "மெஷின் வேண்டாம்" என்று ஒரு கடதாசியில் எழுதிச் சாமானிலேயே ஒட்டிவிடுங்கள். அண்ணையிடம் மட்டும் சொன்னால் போதாது, மகனிடமும் சொல்லுங்கள். அவன் நல்ல பெடியன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் கையில் குடுத்தேன். அடியில் இருந்து தடவிக்கொண்டு வந்தா. செதில் செதிலாக விரல் போனது. வாய்க்குக் கிட்ட வந்ததும் நின்றது. "இஞ்ச ஏதோ எழுதிக் கிடக்கு" என்றா. மரமும் சூரியனும். "ஓம், கிழக்கு எண்டு" என்றேன். "வேற?" என்றா. "வேற ஒண்டும் இல்லை" என்றேன்.

"தண்ணி ஊத்தினா ஒழுகுமே?"

ஒரு லீற்றருக்கு மேல் பிடித்தது. முற்றத்து நந்தியாவட்டையை வைத்தா, சாமியறைக்கு வெளியில், ஜன்னலடியில். கீழே பழைய பேப்பர் ஒன்றை விரித்து வைத்தேன். இன்றைக்கு மூன்றாம் நாள். பேப்பர் காய்ந்துதான் இருக்கிறது.